வால்வுப் பெட்டிகளும் பழுதறிந்த கைகளும்

சரித்திரம் என்றவுடன் மன்னர்களின் போர்களும் மாளிகைகளுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த ஒரு பெட்டிக்கும் சரித்திரம் உண்டு. அப்பெட்டி இருண்டு ஓசையற்றுப் போன நாளில் அதனைத் திறந்து, கோளாறு இன்னதென்று கண்டு, மீண்டும் இயங்க வைத்தவர்களின் அறிவும் சரித்திரத்தைச் சேர்ந்ததே. மன்னர்களின் செய்திகள் கல்வெட்டிலே நிலைத்தன. இவர்களுடைய அறிவோ கைகளிலும் கண்களிலும் செவிகளிலும் மட்டுமே தங்கியது. அதனைப் பெற்றவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த முதியோராக நம்மிடையே வாழ்கிறார்கள். வால்வுகள் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பற்றியும், அவற்றைச் செப்பனிட்டவர்களின் நினைவுகளைப் பற்றியும் இங்கே சிறிது காண்போம்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள் இருக்கும் மின்னிழை சூடேறி, எதிர்மின்வாய் என்னும் சிறு குழலைச் சூடாக்கும். அதிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு நேர்மின்வாயை நோக்கிப் பாயும். 1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் என்பவர் இருமுனை வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பவர் இரண்டுக்கும் இடையே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். மடைப்பலகையைச் சிறிது அசைத்தால் கால்வாயில் நீர் பெருகுவதும் சுருங்குவதும் போல, வலையில் ஏற்படும் சிறு மாறுதல் குழாயினுள் பெரிய மாறுதலை உண்டாக்கிற்று. வானொலியும், அதன் பின் தொலைக்காட்சியும் இந்த ஒரு கருத்தின்மீதே எழுந்தவை எனலாம்.

நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் பரிசோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1965-இல் அது நாள்தோறும் நடைபெறும் ஒளிபரப்பாயிற்று. 1972-இல் பம்பாயிலும், 1975-இல் கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் நிலையங்கள் அமைந்தன. அதுவரை ஆகாசவாணியின் ஒரு கிளையாகவே இருந்த தொலைக்காட்சி, 1976-இல் தூர்தர்ஷன் என்ற பெயரில் தனியே பிரிந்தது. தொடக்கத்தில் பெட்டிகள் வெளிநாடுகளிலிருந்து வந்தன. பின்னர் ராஜஸ்தானத்தில் பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் தொலைக்காட்சிப் பெட்டிக்கான நுட்பத்தை உருவாக்கி, உள்நாட்டு ஆலைகளுக்கு அளித்தது. அக்காலத்து உள்நாட்டுப் பெட்டிகள் பலவற்றில் வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்திருந்தன. நுண்ணிய வேலைகளை டிரான்சிஸ்டர்கள் செய்தன. படக்குழாயை இயக்கும் கடினமான வேலை வால்வுகளுக்கு விடப்பட்டது.

இவ்விடத்தில்தான் பெங்களூர் நம் கதைக்குள் வருகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1954-இல் இந்நகரில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், ஜாலஹள்ளியிலுள்ள தன் ஆலையில் 1961-இல் வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. 1970-இல் கறுப்பு வெள்ளைப் படக்குழாய்களையும், 1972-இல் தொலைக்காட்சிக்குரிய ஒளிபரப்பு யந்திரங்களையும் செய்தது. ஆனால் பெங்களூரில் தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டது 1981-இல்தான். தன் ஊர் மக்கள் காணாத காட்சிக்காக, பிற ஊர்களின் பெட்டிகளுக்கு இந்நகரம் பத்தாண்டுக் காலம் உறுப்புகளைச் செய்து அனுப்பியது என்பது வியப்புக்குரிய செய்தியன்றோ?

பெங்களூரின் பெருந்தொழிற்சாலைகள் தமிழ்நாட்டிலிருந்தும் கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்தும் பலரை ஈர்த்தன என்பது நேயர்கள் அறிந்ததே. விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, கைக்கடிகாரத் தொழிற்சாலை, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் நகரின் பல பகுதிகளிலும் குடியிருக்கிறார்கள். நான் வசிக்கும் விவேக் நகரும் அத்தகைய பகுதிகளில் ஒன்று. தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இதன் தெருக்களில், மாலை வேளையில் பழைய பொறியாளர் சிலர் கூடிப் பேசுவதை நான் பல நாள் கேட்டதுண்டு. ஆலை வேலை முடிந்து வந்து, அண்டை வீட்டாரின் வானொலியையும் தொலைக்காட்சியையும் செப்பனிட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். இனி வருபவை பெரும்பாலும் அவர்கள் சொல்லக் கேட்டவை.

வால்வின் பெயரே அதன் ஜாதகம் என்பார்கள் அவர்கள். பி.சி.எல். 805 என்று ஒரு வால்வு உண்டு. ஐரோப்பியப் பெயர் முறைப்படி, முதல் எழுத்தாகிய பி, அதன் மின்னிழை 300 மில்லி ஆம்பியர் ஓட்டத்தில் தொடராக இணைக்கத் தக்கது என்பதைக் குறிக்கும். சி என்பது மும்முனைப் பகுதி. எல் என்பது ஆற்றல் மிக்க ஐம்முனைப் பகுதி. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் என்பது பெயரிலேயே விளங்கிவிடும். முதல் எழுத்து இ என்றிருந்தால் மின்னிழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். இதனை மனப்பாடம் செய்தவர், புத்தகம் இல்லாமலே பெட்டியின் அமைப்பைப் பாதி படித்துவிடுவார்.

பெட்டியின் மின்னிழைகள் யாவும், திருவிழாவில் தொங்கவிடும் சரவிளக்குப் போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. ஓர் இழை அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். வீட்டார் பெட்டியே போய்விட்டதென்று கலங்குவர். செப்பனிட வந்தவரோ, மின் இணைப்பை நீக்கிவிட்டு, வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து, அறுந்த ஒன்றை மாற்றிவிட்டுச் செல்வார்.

திரையின் நடுவே வெண்மையான ஒரே ஒரு கிடைக்கோடு தோன்றினால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி நின்றுவிட்டது என்று பொருள். அப்போது முதல் வேலை ஒளியைக் குறைப்பது. இல்லாவிடில் அக்கோடு திரையின் பூச்சைச் சுட்டு நிலையான வடுவாக்கிவிடும். ஒலி மட்டும் வந்து திரை முழுவதும் இருண்டிருந்தால், படத்தைப் பக்கவாட்டில் விரிக்கும் பகுதியைச் சந்தேகிப்பார்கள். அப்பகுதி ஒரு விநாடிக்கு 15,625 முறை இயங்குவது. அதிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒலி ஒன்று எழும். அவ்வொலி கேட்டால் அப்பகுதி உயிரோடு இருக்கிறதென்று அறியலாம். ஆனால் மனிதனுக்கு வயது ஏற ஏற, இத்தகைய உச்ச ஒலிகளே முதலில் செவியை விட்டு அகல்கின்றன. அதனால் முதியவர் ஒருவர், தம்முடன் உதவிக்கு வந்த பையனிடம், "தம்பி, சீழ்க்கை கேட்கிறதா, பார்" என்று கேட்டு வேலை செய்வாராம். அனுபவம் ஒருவரிடமும் செவி மற்றொருவரிடமுமாகச் சேர்ந்து ஒரு பெட்டி செப்பமாயிற்று.

கண்ணுக்கும் வேலை இருந்தது. வால்வின் உட்புறத்தில் வெள்ளி போல் பளபளக்கும் பூச்சு ஒன்று காணப்படும். எஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்வதற்காகப் படியவைத்த பேரியம் அது. அது பால் போல வெளுத்திருந்தால், கண்ணாடியில் விரிசல் கண்டு காற்றுப் புகுந்துவிட்டது என்று அளவுகோலின்றியே தீர்மானிக்கலாம். நேர்மின்வாய்த் தகடு செந்நிறமாகப் பழுத்தால், ஓட்டம் கட்டுக்கடங்காமற் போய்விட்டது. உடனே நிறுத்த வேண்டும்.

இவ்வேலையில் உயிர்ப்பயமும் இருந்தது. படக்குழாய்க்கு 15,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தேவை. பெட்டியை அணைத்த பின்னரும் குழாய் அம்மின்சாரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். அதனைத் தரையிணைப்பின் வழியே வடித்த பின்னரே கை வைக்க வேண்டும். மேலும், பல பெட்டிகளில் மின்மாற்றி கிடையாது. வீட்டு மின்கம்பியின் ஒரு முனை உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தோடு நேரே இணைந்திருக்கும். செருகியைத் தலைகீழாகச் செருகினால் சட்டம் முழுவதும் மின்சாரம் பாயும். ஆகவே டெஸ்டரால் தொட்டுப் பாராமல் எவரும் வேலை தொடங்கமாட்டார். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டுமே தொடுவது அக்காலத்துக் கட்டுப்பாடு. மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நெஞ்சின் வழியே செல்லும் என்பதே அதன் காரணம்.

செலவு செய்ய இயலாத வீடுகளுக்கென்று உபாயங்களும் இருந்தன. பல்லாண்டு உழைத்த படக்குழாய் மங்கிவிட்டால், புதியது வாங்கப் பெருந்தொகை வேண்டும். அப்போது சிறு மின்மாற்றி ஒன்றைச் சேர்த்து, மின்னிழைக்குச் சற்று மிகுதியான அழுத்தம் கொடுப்பார்கள். குழாய் இன்னும் சில மாதங்கள் ஒளிவிடும். அதற்குள் அவ்வீட்டார் பணம் சேர்த்துக்கொள்ளலாம். இது மருந்தன்று, தவணை என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

1947-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் தோன்றிய டிரான்சிஸ்டர், வால்வின் இடத்தைப் படிப்படியாகக் கைப்பற்றியது. டில்லி ஆசிய விளையாட்டுகள் நடந்த 1982-ஆம் ஆண்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. டிரான்சிஸ்டர்களும் நுண் மின்சுற்றுகளும் மட்டுமே கொண்ட பெட்டிகள் பெருகின. வால்வுப் பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்குச் சென்றன. புதியவை குறைந்த மின்சாரத்தில் இயங்கின, அபாயமும் குறைந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். பழைய பொறியாளர்களே அதனை மறுப்பதில்லை.

எனினும் ஒன்றை நாம் இழந்தோம். பழைய பெட்டிகள் பலவற்றின் பின்பலகையின் உட்புறத்தில் மின்சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். இப்பெட்டியை ஒரு நாள் எவரேனும் திறப்பார், அவருக்கு இது பயன்படும் என்று செய்தவரே எண்ணியதன் அடையாளம் அது. இன்று நம் கையிலுள்ள கருவிகள் பலவும் திறக்க முடியாதவாறு ஒட்டப்பட்டே வருகின்றன. செப்பனிடும் உரிமை வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்துள்ளது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. இன்று உரிமை என்று கேட்கப்படுவது அன்று வழக்கமாகவே இருந்தது.

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ குடும்பத்திலோ இத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் ஓய்வு பெற்ற ஆலைப் பொறியாளராக இருக்கலாம். சிறு கடை வைத்திருந்த ரேடியோ மெக்கானிக்காகவும் இருக்கலாம். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், யாரிடம் தொழில் கற்றார், எந்தப் பெட்டியில் எந்தக் கோளாறு மிகுதி என்று கேட்டு, அவர் வழங்கிய சொற்களிலேயே எழுதி வையுங்கள். சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த மக்கள், தாம் வந்து சேர்ந்த ஊருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்கு அது சான்றாகும். அவர்கள் இருக்கும்போதே கேட்பது நம் கடமை.