பழைய செங்கற்கள் போன வழி

மும்பையின் பரேல், லால்பாக் பகுதிகளை அறிந்த தமிழ் நேயர்களுக்குப் பஞ்சாலைப் புகைபோக்கிகளைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1850களில் தார்தேவ் பகுதியில் காவஸ்ஜி தாவர் முதல் ஆலையை நிறுவிய காலந்தொட்டு, நீராவி எஞ்சின்களுக்காக எழுப்பப்பட்ட அச்செங்கற் கம்பங்கள் அந்நகரின் அடையாளமாகவே விளங்கின. 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பெரு வேலைநிறுத்தத்துக்குப் பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, நிலங்கள் கைமாறின. புகைபோக்கிகளுள் சில அழகு கருதி நிறுத்தி வைக்கப்பட்டன, பல இறக்கப்பட்டன. அவ்வாறு ஒன்றை இறக்கும்போது முதலில் எழும் வினா வரலாற்றைப் பற்றியதன்று. இத்தனை செங்கல்லையும் என்ன செய்வது என்பதே.

இவ்வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. முன்னாளில் இதற்குக் கிடைத்த விடைகள் இரண்டை இங்கே ஆராயக் கருதுகிறோம். அதற்கு முன் செங்கல்லின் இயல்பைச் சிறிது அறிந்து கொள்வோம்.

பழைய செங்கல் மீண்டும் பயன்படுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதைப் பிணைத்த சாந்து. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் உதிர்ந்துவிடும், கல் முழுதாகக் கைக்கு வரும். சிமெண்டுச் சாந்தோ செங்கல்லை விட வலியது. அது விடாது, கல்லே உடையும். சென்ற தலைமுறையினர் வீட்டைப் பிரித்துச் செங்கல்லை எண்ணி விற்றதும், இன்று நாம் இடிபாட்டை லாரி லாரியாகக் கொட்டுவதும் இதனாலேயே. புகைபோக்கிச் செங்கல்லுக்கு வேறொரு குறையும் உண்டு. அதன் உள்ளடுக்கு ஆண்டுக்கணக்கில் கரியையும் கந்தகப் புகையையும் உண்டு ஊறியிருக்கும். அதைக்கொண்டு சுவர் எழுப்பிப் பூசினால், ஈரம் ஏறுந்தோறும் பழுப்புக் கறை பூச்சைக் கடந்து வெளிப்படும்; எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மறையாது. உடைந்த கல்லையும் நம் முன்னோர் எறிந்துவிடவில்லை. ஜல்லியாக உடைத்துச் சுண்ணாம்போடு சேர்த்து மாடித் தளத்தில் இட்டுக் கெட்டித்தனர். பொடியாக்கிச் சுர்க்கி என்னும் பெயரில் சாந்தில் கலந்தனர். 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தின் வலிமைக்குச் சான்று.

ஆகவே பழஞ்செங்கல்லை எடுத்தாள்வதில் இழிவேதும் இல்லை. அது சிக்கனமான நல்வழக்கமே. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை ஒருவரும் குறித்து வையாமல் எடுத்தபோது நேர்ந்த இழப்பே நம் பேச்சின் பொருள்.

காசியில் வாழும் அன்பர்கள் ஜகத்கஞ்ச் என்னும் பகுதியை நன்கு அறிவார்கள். காசி மன்னர் சேத் சிங்கின் திவானாக இருந்த ஜகத் சிங் என்பவர் அங்கே கடைவீதி அமைக்க விரும்பிக் கல்லும் செங்கல்லும் தேடினார். அருகே ஸாரநாத்தில், அசோகர் காலத்தில் தோன்றிப் பிற்காலத்தவரால் பலமுறை பெருக்கப்பட்ட தர்மராஜிக ஸ்தூபம் நின்றது. 1794-இல் அது பிரிக்கப்பட்டது. உள்ளே ஒரு கற்பெட்டியும், அதனுள் பச்சைப் பளிங்குச் சிமிழும், சிமிழில் எலும்புத் துண்டுகளும் இருந்தன. எலும்புகள் கங்கையில் விடப்பட்டன. காசியில் கம்பெனியின் ரெஸிடெண்டாக இருந்த ஜானதன் டங்கன் இச்செய்தியை எழுதி வெளியிட்டிராவிடில் நமக்கு இவ்வளவும் தெரிந்திராது. அவர் எழுதியதைப் படித்த அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1835-இல் அங்குத் தோண்டியபோது, இளமையில் அவ்வேலையைக் கண்டறிந்த முதியவர் ஒருவர் இடத்தைக் காட்ட, கற்பெட்டி மீண்டும் அகப்பட்டது. ஆயினும் கன்னிங்ஹாம் விட்டுச்சென்ற சிலைகள் சுமார் நாற்பதும் பின்னர் வருணை ஆற்றுப் பாலத்தின் அடியில் நீரோட்டத்தைத் தடுக்கப் போடப்பட்டன! இன்று அந்த ஸ்தூபம் இருந்த இடத்தில் வட்டமான அடித்தளமே எஞ்சியுள்ளது. அதற்குச் சிறிது தொலைவில் மண்ணுள் புதைந்து கிடந்த சிங்கத் தூண்தலை எவர் கண்ணிலும் படாமையால் தப்பியது. 1905-ஆம் ஆண்டளவில் ஓயர்ட்டல் நடத்திய அகழ்வில் அது வெளிப்பட்டது. 1950-இல் நம் குடியரசின் சின்னமாயிற்று.

ஸாரநாத்தில் இடித்தவர்கள் தாம் இடிப்பது ஏதோ ஒரு பழைய வழிபாட்டிடம் என்றேனும் அறிந்திருத்தல் கூடும். ஹரப்பாவில் அதற்கும் இடமில்லை.

இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில், ராவி நதியின் பழைய படுகையை ஒட்டி அமைந்துள்ளது ஹரப்பா. கம்பெனிப் படையிலிருந்து ஓடிப் பெயர் மாற்றித் திரிந்த சார்லஸ் மேஸன் என்னும் விந்தையான மனிதர் 1820களில் அவ்வழியே சென்று, இடிந்த செங்கற் கோட்டை ஒன்றைக் கண்டதாக 1842-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கன்னிங்ஹாம் 1853-இலும் 1856-இலும் அங்குச் சென்றபோது மேடுகளின்மேல் சுவர்கள் நின்றன. அதன்பின் வந்தது லாகூர்-முல்தான் இருப்புப் பாதை.

தண்டவாளத்தின் அடியில் கெட்டியான ஜல்லி வேண்டும். அதுவே சட்டங்களை நகராமல் பிடித்து, மழைநீரையும் வடிய விடுவது. பஞ்சாபின் சமவெளியோ ஆறுகள் கொணர்ந்த வண்டல். காத தூரம் சென்றாலும் கருங்கல் கிடையாது. ஹரப்பாவிலோ நன்கு வெந்த செங்கல் மலைபோற் குவிந்து கிடந்தது. கூலி கொடுத்து அள்ளுவதே வேலை. 1872-73 பருவத்தில் கன்னிங்ஹாம் மீண்டும் வந்து தோண்டினார். ஒப்பந்தக்காரர்கள் மேற்பரப்பு முழுவதையும் வழித்துச் சென்றுவிட்டமையால் பேணத்தக்க பொருள் மிகச் சிறிதே கிடைத்ததென வருந்தினார். சுமார் 100 மைல் பாதைக்கு, அதாவது ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளத்துக்கு, அம்மேடுகளின் செங்கல்லே ஜல்லியாயிற்று என்பது அவர் கணக்கு.

அந்தச் செங்கற்களின் வயதை அப்போது எவரும் அறியார். கன்னிங்ஹாமே அவ்விடத்தைச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கண்ட ஊர்களுள் ஒன்றென எண்ணினார். அங்கே கிடைத்து, 1875-இல் அவர் படத்துடன் வெளியிட்ட எழுத்துப் பொறித்த முத்திரையையும் அயல்நாட்டுச் சரக்கென்றே ஒதுக்கினார். 1921-இல் தயாராம் ஸாஹ்னி ஹரப்பாவிலும், அடுத்த ஆண்டு ராக்கால்தாஸ் பானர்ஜி மொஹஞ்சதாரோவிலும் அகழ்ந்த பின்னரே உண்மை துலங்கிற்று. 1924-இல் ஜான் மார்ஷல் அதை உலகுக்கு அறிவித்தார். தண்டவாளத்தின் கீழ் நொறுங்கிக் கிடந்தவை ஏறக்குறைய 4,500 ஆண்டு வயதுடைய செங்கற்கள்!

போனது செங்கல் மட்டுமானால் நாம் இத்துணை வருந்த வேண்டியதில்லை. உயரமும் அகலமும் நீளமும் 1:2:4 என்னும் விகிதத்தில் அமைந்த அச்செங்கல் ராஜஸ்தானத்துக் காலிபங்கனிலும் குஜராத்தின் லோத்தலிலும் கிடைக்கவே செய்கிறது. போனது அதன் வரிசை. எச்சுவரின்மேல் எச்சுவர் எழுந்தது, எத்தெரு எங்கே திரும்பியது என்பவை, செங்கல் இருந்த இடத்தில் இருந்தால்தான் தெரியும். ஜல்லியாகிவிட்ட பின் தெரியா. மொஹஞ்சதாரோவில் தெருத் தெருவாகச் சுவர்களைக் காண்கிறோம். ஹரப்பாவிலோ துண்டு துண்டாகவே காண முடிகிறது. இதில் ஒரு விந்தையும் உண்டு. சூளையில் நன்றாக வெந்ததே அச்செங்கல்லுக்கு வினையாயிற்று. எவருக்கும் பயன்படாத பச்சைச் செங்கல் தப்பி நின்றது. 1946-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு வெளிக்கொணர்ந்த கோட்டை மதிலின் பெரும்பகுதி பச்சைச் செங்கல்லே.

இடித்தவர்களை முற்றிலும் பழிக்க நாம் முன்வரவில்லை. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904-இல்தான் வந்தது. ஊர் மக்களும் அம்மேட்டுச் செங்கல்லால் வீடு கட்டியவர்களே. தில்லியிலும் ஷேர்ஷா தம் நகருக்கு ஸிரிக் கோட்டையின் கற்களை எடுத்தார் என்பர். ஆனால் ரயில் பாதை போட்டவர்கள் சங்கிலி பிடித்து நிலம் அளக்கக் கற்றவர்கள். அள்ளுவதற்கு முன் சில நாட்கள் செலவிட்டு, நின்ற சுவர்களை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கலாம். பாதைக்குத் தாமதமும் நேர்ந்திராது, செலவும் கூடியிராது.

தில்லித் தமிழர்கள் 'மல்பா' என்னும் சொல்லை நாள்தோறும் கேட்பவர்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அதனை இடிபாடு என்று எழுதி அமைவோம். எனினும், எதை இடித்தது என்பதை அவ்விரு சொற்களுமே சொல்வதில்லை. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட கட்டட இடிபாட்டு விதிகள் செங்கல்லும் சாந்தும் வேறாகவும், இரும்பும் மரமும் வேறாகவும் பிரிக்கப்பட வேண்டுமென்றன. எந்தச் சுவரின் செங்கல் என்று அவையும் வினவவில்லை.

ஆலைப் புகைபோக்கி ஒன்று இறங்கும்போது செய்யத்தக்கவை சிலவே. உயரத்தையும் சுற்றளவையும் அளந்து, எந்த ஆலை, எந்த ஆண்டு என்று எழுதி வைக்கலாம். வெளியடுக்குச் செங்கல்லைச் சுத்தம் செய்து சுவருக்கு அனுப்பலாம். கரி ஊறிய உள்ளடுக்கை உடைத்துப் பள்ளம் நிரப்பலாம். செங்கல்லின் மேற்பள்ளத்தில் சூளைக்காரர் பெயர் பதிந்திருந்தால் அதையும் பார்த்துக் குறிக்க வேண்டும். சாந்துக்குள் மறைந்து கிடக்கும் அப்பெயர் சுவரைப் பிரிக்கும் அன்றுதான் கண்ணில் படும். மறுநாள் செங்கல் வேறொரு சுவருக்குள் போய்விடும்.