‘எங்கேஜ்’ என்னும் ஆங்கில வினை

ஒரு செயலிலே தன்னைப் பிணித்துக்கொள்ளுதலைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பல. ‘இன்வால்வ்’ என்பது உருட்டுதற் பொருளுடைய இலத்தீன் அடியினின்றும், ‘இம்ப்ளிகேட்’ என்பது மடித்தற் பொருளுடைய அடியினின்றும் பிறந்தன. இவற்றின் வரலாறு நேரியது. ‘எங்கேஜ்’ என்பதன் வரலாறு அத்தகையதன்று. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இச்சொல்லின் உள்ளே நிற்பது ‘கேஜ்’ என்பது. பழைய பிரெஞ்சில் அதற்கு அடகு, பிணை என்பன பொருள். அது செர்மானிய மொழியினின்று பிரெஞ்சிற் புகுந்த சொல். நான்காம் நூற்றாண்டுக் காத்திய விவிலியத்தில் ‘வதி’ என்னும் இனச்சொல் பிணையைக் குறித்து வருதல் காண்க. சொன்முதல் வகரம் நடுப்பிரெஞ்சு வழக்கிற் ககரமாய்த் திரிந்தது. வடபகுதியாகிய நார்மண்டி வழக்கில் திரியாது நின்றது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் இருவகை வடிவங்களும் ஆங்கிலத்தை அடைந்தன. ஆதலின் கூலியைக் குறிக்கும் ‘வேஜ்’ என்பதும் ‘கேஜ்’ என்பதும் ஒரு சொல்லின் இரு வடிவங்களே. மணத்தலைக் குறிக்கும் ‘வெட்’ என்பதோ அம்மூலத்தினின்று செர்மானிய வழியே ஆங்கிலத்திற்கு நேராக வந்தது. கூலியும் மணமும் ஒரு குடிப் பிறப்பின என்பது கற்பார்க்கு வியப்பளித்தல் கூடும்.

பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘எங்கேஜ்’ என்றால் பிணையாக வைத்தல் என்பதே பொருள். முதலிற் பொருளையும், பின்னர்த் தன் வாய்மொழியையும், ஈற்றில் தன்னையுமே பிணையாக வைத்தான் மனிதன். இவ்வளர்ச்சி எத்துணை வன்மையுடையது என்பதைப் பதினேழாம் நூற்றாண்டு அரசியல் காட்டும். 1647 டிசம்பரில் முதலாம் சார்லசு மன்னன் சிறைப்பட்டிருந்த நிலையிற் காத்துலாந்தியரோடு செய்த உடன்படிக்கை ‘எங்கேஜ்மெண்ட்’ எனப் பெற்றது. அதன்படி வந்த படை 1648-இல் பிரஸ்டனில் தோற்றது. அடுத்த ஆண்டு சனவரியில் மன்னனும் கொலைத்தண்டம் எய்தினான். 1650-இலோ, அரசனும் பிரபுக்கள் அவையும் இல்லாக் குடியரசிற்கு உண்மையாக இருப்பதாகப் பதினெட்டு வயது நிரம்பிய ஆடவர் அனைவரும் உறுதி கூறவேண்டும் என்று சட்டம் பிறந்தது. அவ்வுறுதிமொழியின் பெயரும் ‘எங்கேஜ்மெண்ட்’ என்பதே! கூற மறுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையை இழந்தனர். மன்னனைக் காக்கவும் மன்னராட்சியை நீக்கவும் ஒரு சொல்லே பயன்பட்டது. அடகின் இயல்பு இரண்டிலும் மாறவில்லை. வாக்குத் தவறியவன் வைத்த பொருளை இழப்பான்.

போர் தொடுத்தல், வேலைக்கமர்த்தல், மணவுறுதி, பற்சக்கரங்கள் பொருந்துதல் என்பன பின்னெழுந்த கிளைகள். இருபதாம் நூற்றாண்டில் சார்த்தர் எழுத்தாளனின் சமுதாயப் பொறுப்பைக் குறிக்க இதன் பிரெஞ்சு வடிவத்தை ஆண்டார். அவ்வாட்சியிற் பிணை என்னும் பழம்பொருள் மீண்டும் தலைதூக்குகிறது என்று கருதுகிறோம்.

தமிழில் ‘ஈடு’ என்பதற்கும் அடகு என்னும் பொருள் உண்டு. இதுகொண்டு ‘ஈடுபடு’ என்பதும் அவ்வழியே வளர்ந்தது எனத் துணிதல் பொருந்தாது. ‘ஈடு’ என்பது ‘இடு’ என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒப்பு, வலிமை முதலிய வேறு பொருள்களும் அதற்கு உள. ‘ஈடுபடு’ என்பதன்கண் நிற்பது அவற்றுள் எது என்பதை, பழைய ஆட்சிகளைக் காலமுறையில் நிரல்படுத்திய பின்னரே கூறல் தகும்.