ஜாஹிழ் சொல்லாததும் செண்பகத்தோப்பில் கண்டதும்

ஒரு நாள் மஃரிபுக்குப் பிந்தைய பாடம் முடிந்து கிதாபுகளை மூடும் வேளையில், இராஜபாளையத்திலிருந்து ஓத வரும் மாணவர் ஒருவர் கைப்பேசியில் தமக்கு வந்த செய்தியொன்றை நம்மிடம் காட்டினார். டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரிணாமக் கொள்கையைக் கண்டுபிடித்தவர் நம் அறிஞர் அல்-ஜாஹிழ் என்பது அதன் சாரம். "இது உண்மைதானா ஹஜ்ரத்? நாளைக்கு எங்கள் விலங்கியல் ஆசிரியரிடம் சொல்லப்போகிறேன்" என்றார். அவருடைய மகிழ்ச்சியைக் குலைக்க மனம் வரவில்லை. ஆயினும் சரிபார்க்காத ஒன்றை நம் பெயரால் வகுப்பறைக்குள் எடுத்துச் செல்ல விடுவதும் அமானிதத்துக்கு மாறானது. நாளை மறுநாள் பதில் சொல்வதாகக் கூறி அனுப்பினோம்.

பஸராவில் பிறந்து, ஹிஜ்ரி 255இல் அந்நகரிலேயே மறைந்தவர் ஜாஹிழ். விழி பிதுங்கியவர் என்பது அப்பெயரின் பொருள். இயற்பெயர் அம்ரு இப்னு பஹ்ர். அவருடைய கிதாபுல் ஹயவான் ஏழு பாகங்கள் கொண்டது. அதன் தொடக்கப் பாகங்களில் பெரும் பகுதி, நாயை உயர்த்திப் பேசுபவருக்கும் சேவலை உயர்த்திப் பேசுபவருக்கும் நடக்கும் வாதமாகவே செல்கிறது. நாயைப் பற்றி இவ்வளவு பக்கங்களா என்று முதலில் நமக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

விலங்குகளை அவர் நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என நான்காக வகுக்கிறார். வகுத்த கையோடு, பறப்பதெல்லாம் பறவையாகிவிடாது என்று தம் வகுப்பையே கேள்விக்குள்ளாக்குகிறார். ஈயும் வண்டும் பறக்கின்றன. அவற்றை யாரும் பறவை என்பதில்லை. தீக்கோழி பறப்பதில்லை, வௌவால் பறக்கிறது. பெயர் ஒன்று சொல்ல, உடலமைப்பு வேறொன்று சொல்கிறது. தமிழிலும் இதே சிக்கல் உண்டு. நீர்நாய் நாயன்று. செந்நாய் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆயினும் நம் வீட்டு நாயின் பேரினத்தைச் சேர்ந்ததன்று.

அரிஸ்டாட்டிலைத் 'தர்க்கநூலார்' என்று மரியாதையோடு குறிப்பிடும் ஜாஹிழ், அவர் சொன்னவற்றிலும் ஐயுறவு கொண்டார். கருங்கல் பரந்த பனூ சுலைம் எரிமலை நிலத்தில் மனிதரும் விலங்குகளும் கறுத்திருப்பதை அவர் வேறொரு நூலில் சுட்டி, அது அந்நிலத்தின் தன்மை என்றார். ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்டு வாழும் தொடரையும் விரிவாக எழுதினார். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் இன்றையோர் பரிணாமக் கொள்கை என்கின்றனர். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சிறு வேறுபாடுகள் மரபுவழி சேர்ந்து, ஓரினம் பலவாகப் பிரிகிறது என்னும் வாதத்தை அவர் எழுதியதாக நாம் காணவில்லை. சில சிற்றுயிர்கள் பெற்றோரின்றிச் சேற்றிலிருந்து தோன்றும் என்ற அக்கால நம்பிக்கையையும் அவர் ஏற்றிருந்தார். சொல்லாததை அவர் மேல் ஏற்றுவது அவருக்கும் அநீதி, டார்வினுக்கும் அநீதி. (மனிதப் படைப்பு குறித்த அகீதா விவாதம் தனியானது, அதை இங்கே எடுக்கவில்லை.)

இதை மாணவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. "அப்படியானால் நம்மிடம் ஒன்றுமே இல்லையா?" என்றார். "உங்கள் தோட்டத்தில் காவலுக்கு என்ன கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

அவர்களுடைய மாந்தோப்பில் காவலுக்கு நிற்பது இராஜபாளையம் நாய். தூய வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய்களின் தபால்தலைகளுள் இதுவும் ஒன்று. இது தனி உயிரினமன்று. தெருநாயும் இதுவும் ஓரினமே. இது மனிதர் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து உருவாக்கிய வகை. வெள்ளைக் குட்டிகளையே விரும்பித் தேர்ந்ததால் ஒரு விலையும் கொடுக்க வேண்டியதாயிற்று: குட்டிகள் சில பிறவிச் செவிடாகப் பிறக்கின்றன. நிறத்தைத் தரும் உயிரணுக்கள் உட்செவியின் வேலைக்கும் தேவை. அவை குன்றினால் இரண்டும் குன்றுகின்றன. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமும் காட்டு விலங்கைப் பற்றியதன்று; மனிதர் வளர்க்கும் புறா முதலியவற்றைப் பற்றியதே. மனிதரின் தேர்வு சில தலைமுறைகளில் இவ்வளவு மாற்றுமாயின், இயற்கையின் தேர்வு நெடுங்காலத்தில் எவ்வளவு மாற்றும் என்பது அவர் வாதம்.

மாணவருக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. வீட்டில் நாய் வளர்ப்பதாக உடன் ஓதுவோர் அவரைக் கேலி செய்துவந்தனர். காவலுக்கும் வேட்டைக்கும் கால்நடைக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் அனுமதி உண்டு. பயிற்சி பெற்ற வேட்டை நாய் பிடித்துத் தருவது பற்றி மாயிதா சூராவே பேசுகிறது. எச்சில் பற்றிய சட்டத்தில் ஹனஃபிகளுக்கும் ஷாஃபிகளுக்கும் உள்ள விவரங்கள் தூய்மை பற்றியவை; அந்த உயிரை இழிவுபடுத்த அவற்றில் இடமில்லை. இதை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம்.

அடுத்த வாரம் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, அங்கிருந்து செண்பகத்தோப்புக்குப் போனோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கென அறிவிக்கப்பட்ட சரணாலயம் அங்கே இருக்கிறது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

மலை அணில் பேரினத்தில் உலகில் நான்கே இனங்கள். அவற்றுள் சிறியது இந்தச் சாம்பல் அணில். சிறியது என்றாலும் வாலோடு சேர்த்தால் முக்கால் மீட்டர் அளவு வரும். 1769இல் தாமஸ் பென்னன்ட் என்னும் பிரிட்டானிய இயற்கையியலாளர் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். அவர் கண்டது இந்த மலையின் அணிலையன்று, இலங்கை அணிலை. இலங்கையின் டச்சு ஆளுநராயிருந்த லோட்டன் வரைவித்த விலங்குப் படங்கள் அவருடைய நூலுக்கு அடிப்படையாயின. கடல் கடந்த தீவின் அணில் நம் மலையில் எப்படி? பனியுகங்களில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது தரைவழியாய் இருந்தது. நீர் ஏறியபின் இருபக்கத்தாரும் பிரிந்தனர்.

இவ்வணிலைப் பற்றி ஜோஷ்வாவும் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் 1994இல் முக்கியமான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நாங்குநேரியில் பிறந்த ஜான்சிங் சிவகாசியில் கல்லூரி விலங்கியல் ஆசிரியராய் இருந்தவர். 1970களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து அவற்றின் வாழ்க்கையை எழுதினார். 2024இல் மறைந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருந்தவரின் பெயரை நம் மாணவர் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. நாமும் பிந்தித்தான் அறிந்தோம்.

இந்த அணில் தரையிறங்க விரும்பாது. மரத்துக்கு மரம் தாவியே இரை தேடும். அதனால் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஓடைக்கரைக் காடும், பழைய புளிய மரங்களும் மாந்தோப்புகளும் அதற்கு வேண்டும். நடுவில் நான்கு மரம் வெட்டினால் பாதை அறுந்துவிடும். ஓரணில் ஒரு கூட்டோடு நிற்பதில்லை. பல கூடுகளைக் கட்டி மாறி மாறித் தங்கும். இலையும் குச்சியும் பின்னிய பந்துபோன்ற கூடுகள், கொம்பின் நுனியில்.

இராஜபாளையத்து மாணவர் நோட்டுப்புத்தகத்தை விரித்து ஓர் ஓடைக்கரையில் கூடுகளை எண்ணினார். "ஏழு ஹஜ்ரத்" என்றார். அருகே தோப்புக் காவலில் இருந்த பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுல ரெண்டு காஞ்சு போன பழைய கூடு தம்பி, போன வருசத்தோட விட்டுருச்சு" என்றார். எப்படித் தெரியும் என்று மாணவர் கேட்க, இலையின் நிறத்தைக் காட்டினார் அவர். மாணவர் ஏழை அடித்து ஐந்து என்று எழுதிக்கொண்டார்.