சங்கீதங்களைத் தமிழாக்கிய சைவர்

யாழ்ப்பாணத்தில ஒரு ஞாயிறு காலை தேவாலயப் பக்கம் போனால் சங்கீதம் வாசிக்கிற சத்தம் கேட்கும். தண்ணீர் தேடித் தவிக்கிற மான் போலக் கடவுளுக்காக ஏங்கும் ஒரு மனசு. ஆலயத்திலேயே கூடு கட்டிக்கொண்ட குருவியைப் பார்த்து, நானும் இங்கேயே இருந்துவிடமாட்டேனா என்று தவிக்கும் ஒரு மனசு. பைபிளில் இப்படி 150 பாட்டுகள் இருக்கு. இவை தமிழுக்கு வந்த கதையில எங்கட நல்லூர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. அவர் கிறிஸ்தவர் இல்ல, ஆறுமுக நாவலர்!

1822ல் நல்லூரில் பிறந்த ஆறுமுகம், மெதடிஸ்த மிஷனின் ஆங்கிலப் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியரும் ஆனவர். இன்றைய யாழ் மத்திய கல்லூரிதான் அந்தப் பாடசாலை. அதை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் முழு வேதாகமத்தையும் புதிதாகத் தமிழாக்கும் வேலையில் இறங்கியிருந்தார். சீகன்பால்கு, பப்ரிசியுஸ் காலத்து மொழிபெயர்ப்புகள் இருந்தாலும், படித்த தமிழரின் காதுக்கு இனிக்கும் தமிழ் வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குத் துணையாக எடுத்தது ஒரு சைவ இளைஞரை.

கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது? அங்கேயே சிக்கல் தொடங்குது. பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். பேர்சிவலின் பதிப்பு 'தேவன்' என்றது. சைவத்தில் தேவர்கள் பலர், எல்லாரும் சிவனுக்குக் கீழே. அப்படியிருந்தும் அந்தச் சொல்தான் நிலைத்தது.

மொழிபெயர்ப்பதென்றால் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படிக்க வேணும். நாவலரும் அப்படித்தான் படித்தார். பழைய ஏற்பாட்டில் அவர் கண்டது என்ன? கோயில், தூபம், விளக்கு, நைவேத்தியம் போன்ற படையல், திருவிழா. சங்கீதங்களும் அந்த ஆலயத்தில் வாத்தியங்களோடு பாடப்பட்டவைதான். தேவாரம் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இது அந்நியமாகவா இருந்திருக்கும்?

1847 டிசம்பர் 31ல் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவருடைய முதல் சைவப் பிரசங்கம் நடந்தது. பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தது. மிஷன் மேடையில் பார்த்த பிரசங்க முறையை அவர் கோயிலுக்குள் கொண்டுவந்தார். 1848ல் மிஷன் வேலையை விட்டார், சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வேதாகமம் 1850ல் சென்னையில் அச்சாகி வந்தது. 1854ல் அவர் எழுதிய 'சைவதூஷண பரிகாரம்', கோயில் வழிபாட்டைப் பழித்த பாதிரிமாருக்கு அவர்களின் வேதத்திலிருந்தே பதில் சொன்னது.

பேர்சிவலின் மொழிபெயர்ப்பைத் தமிழ்நாட்டுத் திருச்சபைகள் முழுமனதோடு ஏற்கவில்லை. 1871ல் பவர் தலைமையிலான குழுவின் பதிப்பு அந்த இடத்தைப் பிடித்தது. 'தேவன்' மட்டும் அதிலும் தொடர்ந்தார்.

இதை ஏன் இப்ப எழுதுறம்? மதம் பற்றிய சண்டை வரும்போதெல்லாம் நாவலரின் பெயரை வாளாகத் தூக்குறதை நாங்கள் பார்க்கிறம். நாவலரை நாங்கள் தெய்வமாக்கவும் இல்ல. சாதி விஷயத்தில் அவர் நின்ற இடத்தை எங்களால ஏற்க முடியாது. ஆனால் எதிர்த் தரப்பின் வேதத்தை வரிவரியாகப் படித்த பிறகுதான் அவர் வாதாடினார். இன்று வாதாடுற எங்களில் எத்தனை பேர் மற்றவரின் ஒரு பாட்டையாவது முழுசாகப் படித்திருக்கிறம்?

137ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கோ. ஊரை இழந்தவர்கள் அந்நிய ஆற்றங்கரையில் இருந்து அழுகிறார்கள், பாட மனசு வரவில்லை. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சைவரும் கிறிஸ்தவரும் ஒரே வீதியில்தான் நடந்தார்கள். அந்தச் சங்கீதத்தின் வலி புரிய, யாழ்ப்பாணத்தில் யாருக்கும் மதம் தடையில்ல.