காஞ்சிப் பட்டில் ஏன் கையொப்பம் இல்லை?

காஞ்சிபுரத்துக்குக் கலை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒன்று கோயில், மற்றொன்று காந்தி சாலைப் பட்டுக் கடை. கோயில் சுவரில் அரசனின் பெயர் இருக்கிறது. கடையின் முகப்பில் முதலாளியின் பெயரோ கூட்டுறவுச் சங்கத்தின் பெயரோ இருக்கிறது. பிள்ளையார்பாளையத்திலும் அதைப் போன்ற நெசவுத் தெருக்களிலும், தான் குடியிருக்கும் வீட்டிலேயே தறி போட்டுச் சேலை நெய்கிறவரின் பெயரை மட்டும் எங்கும் பார்க்க முடிவதில்லை. ஓவியர் ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து வரைந்தால் அந்த வீட்டைக் கலைக்கூடம் என்கிறோம். தேடிப் போய்ப் பார்க்கிறோம். படத்தின் மூலையில் கையொப்பத்தைத் தேடுகிறோம். நெசவாளர் வீட்டை அப்படிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. கைத்தொழில் என்றாலே பெயரற்றது, அதுதான் நம் மரபு என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். காஞ்சியின் வரலாற்றை ஊன்றிப் படித்தால் இந்தக் காரணம் நிற்காது. நெசவாளரின் பெயரை மறைத்தது மரபு அல்ல, சேலை கைமாறி விற்கப்படும் முறை. முறையால் வந்த குறையை முறையாலேயே சரிசெய்ய முடியும்.

முதலில் கல்லிலிருந்து தொடங்கலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில், திருச்சுற்றைச் சூழ்ந்த சிற்றாலயங்களில் அவனுடைய பட்டப்பெயர்கள் இருநூறுக்கும் மேல் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே பட்டங்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே சிற்றாலயங்களில் 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களைக் கண்டறிந்தார். அவற்றைத் தீட்டியவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. இதோடு நிறுத்திக்கொண்டால் பெயரின்மையே மரபு என்று தோன்றும். ஆனால் அதே பல்லவ நாட்டில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று கைவினைஞர்களின் பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை எடுத்துச் செல்லாமல் கோயிலுக்கே விட்டுக்கொடுத்ததைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இந்தக் கோயிலிலேயே உள்ளது. அவனுடைய வெற்றியைக் கொண்டாடி அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயிலிலோ, அதைக் கட்டிய குண்டன் என்ற ஆசாரியின் பெயரும் அவன் பெற்ற சிறப்புகளும் கல்லில் நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் என்னும் இராஜராஜப் பெருந்தச்சனையும் கல்வெட்டுதான் நமக்கு அறிமுகப்படுத்துகிறது. ஆக, செய்தவன் பெயரைச் சொல்வது தென்னாட்டுக்கு அந்நியமான வழக்கம் அல்ல. சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது சொல்லியிருக்கிறார்கள்.

நெசவாளருக்கு அந்த இடம் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழனின் செப்பேடு இதற்கு விடை தருகிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தச் செப்பேடு, கச்சிப்பேட்டில், அதாவது இன்றைய காஞ்சிபுரத்தில், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வருவாயையும் செலவையும் ஒழுங்குபடுத்துகிறது. கோயில் காரியங்களைக் கவனித்து நடத்தும் பொறுப்பு, நகரின் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலியர் என்னும் நெசவாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயிலுக்குத் துணி கொடுத்தவர்களாக மட்டும் அவர்கள் அங்கே தோன்றவில்லை. கோயிலின் நிர்வாகத்தையே நம்பி ஒப்படைக்கத் தக்க நகரத்தாராகத் தோன்றுகிறார்கள். விஜயநகரக் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்துக் கைக்கோளர் என்னும் நெசவாளர்கள் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருந்தார்கள். மற்ற ஊர்க் கைக்கோளர்களுக்கு அதே உரிமை வழங்கப்பட்டபோது, காஞ்சியில் உள்ளபடி என்று காஞ்சியே அளவுகோலாகக் காட்டப்பட்டது. இவையெல்லாம் சமூகத்தின் பெயர்கள், தனி ஆளின் பெயர்கள் அல்ல என்று ஒருவர் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். ஆனால் ஊரார் முகம் அறிந்த, அவையில் இடம் பெற்ற ஒரு சமூகத்துக்கும், இன்று விலைச்சீட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு தொழிலாளிக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. அந்தத் தூரம் எப்படி வந்தது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

துணி மக்கிப்போகும் பொருள் என்பது ஒரு பகுதி விளக்கம். கல்லும் செம்பும் ஆயிரம் ஆண்டு நிற்கும். புடவை அப்படி நிற்காது. பழங்காலக் காஞ்சித் துணியின் சாயலைத் தேட இன்று ஓவியங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. நகரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் 1387இல் எடுப்பித்த சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டு, காட்சிகளின் கீழே விளக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. டி.என். இராமச்சந்திரன் 1934இல் வெளியிட்ட நூல் வழியே அந்த ஓவியங்கள் அறிஞர் உலகுக்குத் தெரியவந்தன. கோடும் கரையும் இட்ட ஆடைகளை அந்த உருவங்கள் மேல் காணும்போது, நெய்தவருடைய கைவேலையை வரைந்தவருடைய கை காப்பாற்றித் தந்திருப்பது புரிகிறது. ஆனால் துணியின் அழிவு பழைய பெயர்கள் ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் விளக்கும். நேற்று நெய்து இன்று விற்ற சேலையில் ஏன் பெயர் இல்லை என்பதை அது விளக்காது.

அதற்கு இருபதாம் நூற்றாண்டின் வணிகத்தைப் பார்க்க வேண்டும். காஞ்சி நெடுங்காலம் பருத்தி நெய்த ஊர். பட்டு அதன் அடையாளமாகவே ஆனதும், கல்யாணம் என்றால் காஞ்சிப் பட்டு என்ற நிலை தமிழ் வீடுகளில் பரவியதும் பெரிதும் சென்னையின் வளர்ச்சியோடு நடந்தவை. 1928இல் காஞ்சியிலிருந்து போன நல்லி சின்னசாமி செட்டியார் தியாகராய நகரில் கடை தொடங்கினார். 1937இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் நெசவுக் கூடம் அமைத்துப் பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டெடுத்தார். நூலும் சரிகையும் முன்பணமும் தந்து, நெய்த சேலைக்குக் கூலி கொடுத்து வாங்கிக்கொள்ளும் முதலாளிகள் தறிக்கும் கடைக்கும் நடுவில் இருந்தார்கள். அவர்களின் பிடியிலிருந்து நெசவாளரை மீட்கக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா பெயர்களில் அமைந்த அந்தச் சங்கங்கள் கூலியையும் போனஸையும் ஓரளவு உறுதிப்படுத்தின. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனாலும் ஒன்று மாறவில்லை. வாங்குகிறவர் கடையின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ நம்பி வாங்கினார். நெய்தவரும் உடுத்துகிறவரும் ஒருவரையொருவர் அறியாமலே போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நெசவாளரின் பெயர் தெரியாமல் போகவில்லை. சங்கத்திலிருந்து பாவுப் பட்டும் ஊடைப் பட்டும் சரிகையும் உறுப்பினருக்கு எடை போட்டுத் தரப்படுகின்றன; நெய்த சேலை மீண்டும் எடை பார்த்து, சோதித்து வாங்கப்படுகிறது. எந்தச் சேலை எந்தக் கையிலிருந்து வந்தது என்பது கணக்கில் இருக்கிறது. நெய்த குறைக்குக் கூலியில் பிடித்தம் செய்ய அந்தப் பெயர் தேவைப்படுகிறது. நெய்த அழகுக்குப் பாராட்டுத் தர மட்டும் அது வெளியே வருவதில்லை. மரபு பெயரை மறைத்தது என்ற வாதம் இங்கேதான் முற்றாக உடைகிறது. பேரேட்டுக்கும் விலைச்சீட்டுக்கும் நடுவில், ஒரே கட்டடத்துக்குள், பெயர் நின்றுபோகிறது.

நெசவாளரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கு வரும் முதல் மறுப்பு, நெசவாளர் வடிவமைப்பதில்லை, கொடுத்த வடிவத்தை நெய்கிறார், அவரை எப்படிக் கலைஞர் என்பது என்பதாகும். 1956 முதல் அமைக்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்கள் வடிவமைப்பாளர்களாக வேலை பார்த்தார்கள். பம்பாய் மையத்தில் கே.ஜி. சுப்ரமணியன், சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு என்று அவர்களின் பெயர்கள் கலை வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அது அவர்களுக்கு உரியதே. ஆனால் தாளில் வரைந்தது தானாகச் சேலையாகிவிடாது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் நிறம் வேறு; மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; ஒவ்வொரு இழையிலும் உடலும் கரையும் பிசகாமல் பிணைய வேண்டும்; அதற்கு நெய்கிறவரும் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறவரும் ஒரே மூச்சாக இயங்க வேண்டும். முந்தானைக்கு வேறு நிறம் வந்தால், உடற்பாவின் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றோடும் புதிய இழையைக் கையால் இணைக்கும் பெட்னி வேலை இருக்கிறது. ஜக்கார்டு வருவதற்கு முன் தறியிலேயே கயிறு கட்டி அமைத்த அடையில்தான் புட்டா, பேட்டு போன்ற வடிவங்கள் இருந்தன. வடிவம் தறிக்குள்ளேயே, அதை அறிந்தவர் நினைவிலேயே வாழ்ந்தது. இன்றும் எவ்வளவு அழுத்தி அடிப்பது, எந்த இழையைத் தளர்த்துவது என்ற தீர்மானங்கள் தறியில்தான் எடுக்கப்படுகின்றன. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரை, அவர் இயற்றவில்லை என்பதற்காக நாம் கலைஞர் அல்ல என்று சொல்வதில்லை. நெசவுக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்க நியாயம் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஒரு சேலை பலர் கைபட்டது. சாயம் போட்டவர், பாவு ஓட்டியவர், தார் சுற்றிய வீட்டுப் பெண், கோர்வை இழுத்த இளைஞர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். யார் பெயரைப் போடுவது? 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடுகூட ஊருக்கும் தொழிலுக்கும் பொதுவாகத்தானே தரப்பட்டது? பலர் செய்தது என்பது பலர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கான காரணமே. ஒருவரையும் சொல்லாமல் விடுவதற்கான காரணம் அல்ல. முக்கியமாக, வீட்டுப் பெண்களின் உழைப்பு கூலிக் கணக்கிலேயே தனியாக எழுதப்படாத இடத்தில், பெயர் சொல்வது அந்த உழைப்பை முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரியவைக்கும். புவிசார் குறியீடு சேலை எந்த ஊரது என்பதைக் காக்கிறது. ஆனால் விசைத்தறிப் போலிகள் நிறைந்த சந்தையில் வாங்குகிறவர் கேட்பது, இது கையால் நெய்ததுதானா என்று. அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான சான்று, இன்ன தெருவில் இன்னார் நெய்தது என்ற பெயர்தான். எனவே பெயர் வெறும் மரியாதை அல்ல, தொழிலுக்கான பாதுகாப்பும்கூட.

நெசவாளர் வீட்டையும் கலைக்கூடமாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்றதும் எழும் மூன்றாவது மறுப்பு, வீட்டைப் பார்வையாளருக்குத் திறந்தால் வேலை கெடும், தரகர்கள் நுழைவார்கள், வீடு கடையாகிவிடும் என்ற அச்சம். நியாயமான அச்சம்தான்; கோயில் வாசலிலிருந்து தரகுக்காகப் பயணிகளை அழைத்துப் போகும் வழக்கம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் ஒழுங்கோடு திறந்த இடங்களும் நம் கண்முன் இருக்கின்றன. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள் குடியிருந்தார்கள், வேலை செய்தார்கள், காட்சிக்கும் வைத்தார்கள். படத்தால் மட்டும் பிழைக்க முடியாத காலத்தில் பாத்திக் போன்ற கைவினைகளே அவர்களைத் தாங்கின. ஒடிசாவின் ரகுராஜ்பூரில் பட்டசித்திர ஓவியர்களின் வீடுகளுக்கே சென்று, அவர்களிடமே பேசி வாங்குகிறார்கள். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று அருங்காட்சிப் பொருளாகவே நிற்கிறது. அங்கே கட்டணம் கட்டி மதிப்போடு பார்க்கும் வீட்டை, அது இன்னும் உயிரோடு இருக்கும் ஊரில் பார்க்காமல் வருவது நம் பார்வையின் குறை.

பெயர் போட்டால் வயிறு நிறையுமா என்று கேட்பவர்களும் உண்டு. நெசவாளர் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்விடும் நாளில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கூலி உயர்வுக்குப் பெயர் மாற்று ஆகாது. கூலி தனியே உயர்ந்தே ஆக வேண்டும். ஆனால் ஓர் இளைஞர் தறியை விட்டுப் போவது பணத்தால் மட்டும் அல்ல. இருபது ஆண்டு கற்ற வித்தைக்கு ஊரில் முகவரி இல்லை என்பதாலும்தான். செய்ய வேண்டியவை எளியவை. பேரேட்டில் ஏற்கெனவே இருக்கும் பெயரைச் சங்கங்கள் சேலையின் சீட்டில் அச்சிடலாம். விரும்பும் வீடுகளை மட்டும், நாளும் நேரமும் குறித்து, பார்ப்பதற்கே கட்டணம் வாங்கி, விற்பனைக் கட்டாயம் இல்லாமல் திறக்கலாம். அந்தக் கட்டணம் முழுவதும் தறிக்காரரின் குடும்பத்துக்குச் சேர வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயிலின் நிர்வாகத்தையே நெசவாளரை நம்பிக் கொடுத்த ஊர் இது. அவர் நெய்த சேலையில் அவர் பெயரை எழுதுவது அந்த ஊருக்குப் புதுமை ஆகாது. அவருக்குத் திருப்பித் தர வேண்டிய பழைய உரிமையின் ஒரு பங்கு.