ஆராய்தல் என்னும் மூன்றாம் படி

அடியேன் தொழில் பாத்திர வியாபாரம். இசையில் முறையான பயிற்சி கிடையாது, ஏட்டறிவும் கேள்வியறிவும்தான். ஆயினும் தவறு செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாதுங்காவில் வீணை பயின்றுகொண்டிருந்த என் மகளை, பல ஆண்டுகளுக்கு முன் நானே நிறுத்திவிட்டேன். "ஒரு வருஷமா ஸரிகமபதநிதானா? பாட்டு எப்பம்மா வரும்?" என்று கேட்டு, கட்டிய சம்பளம் வீண் எனக் கணக்குப் போட்டேன்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என மாயாமாளவகௌளையில் தொடங்கும் பாடமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. அவரும் முன்பு வணிகராக இருந்தவர் என்பர். ஆனால் ஸ்வரங்களில் ஏறி இறங்கிப் பார்த்த பிறகு வாசிக்கும் வழக்கம் அவருக்கும் மூத்தது.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் பாருங்கள். புகார்க் கடற்கரையில் வசந்தமாலையிடமிருந்து யாழை வாங்கிய மாதவி, எடுத்தவுடன் பாட்டுக்குப் போய்விடவில்லை. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்னும் எட்டு வகையால் இசையை எழுப்புகிறாள். இவற்றுக்குப் பழைய அரும்பதவுரை பொருள் கூறுகிறது. பண்ணல், பண்ணுக்கேற்ப நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டுவது. பரிவட்டணை, நரம்பை விரலின் உட்புறத்தாலும் வெளிப்புறத்தாலும் தடவிப் பார்ப்பது. மூன்றாவதான ஆராய்தல், ஆரோகண அவரோகண வகையால் இசையைத் தெரிந்துகொள்வது. செலவு என்னும் ஆளத்தி இதற்குப் பின்னரே வருகிறது. இவ்வுரை அடியார்க்குநல்லாருக்கும் முற்பட்டது. ஆகவே புரந்தரதாசருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது.

அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். பழகுதல் என்னாமல் ஆராய்தல் என்றார்கள். விரலுக்குப் பழக்கம் கொடுப்பதோடு, நரம்பு சுருதியில் நிற்கிறதா, தன் செவி அதைப் பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது அது. எங்கள் சமணக் காப்பியமான சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையை இசையில் வெல்ல வந்த சீவகனும் நீட்டிய யாழ்களை அப்படியே வாங்கிவிடவில்லை. இது நீரில் கிடந்து அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாக விலக்கினான்.

எனக்கு இது முன்பே விளங்கியிருக்க வேண்டும். கடை திறந்ததும் வெறுந்தட்டோடு தராசைத் தூக்கி, முள் நேரே நிற்கிறதா என்று பார்த்த பிறகே பித்தளையை நிறுக்க வேண்டும் என்று என் தகப்பனார் பழக்கியிருந்தார். அந்த நேரத்தை வீண் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது பேத்தி வீணை பயில்கிறாள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அவள் வாசிக்கும் சரளி வரிசையை உட்கார்ந்து கேட்கிறேன். மகளிடம், "அன்னைக்கு நான் பண்ணினது தப்பும்மா" என்றேன்.

"இப்பவாவது தெரிஞ்சுதே அப்பா" என்றாள்.