மரம் இழுத்த பத்தடிச் சக்கரங்கள்

பின்னால் கட்டிய மரம் சரிவில் நம்மையே துரத்தினால்? ஏ.டி.வி. என்கிற நான்கு சக்கர வண்டியில் வெட்டிய மரத்தை இழுப்பவர்களின் இந்தப் பயம் ரொம்பப் பழையது நண்பர்களே.

1870களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மானிஸ்டீ ஊரின் சைலஸ் ஓவர்பேக் பத்தடி உயரச் சக்கரங்கள் செய்து விற்றார். மரத்தின் முன்பக்கத்தை அச்சுக்கு அடியில் சங்கிலியால் தூக்கிக் கட்டுவார்கள். மண்ணில் குத்தாததால் குதிரைகளுக்கு இழுப்பது சுலபம். ஆனால் பிரேக் கிடையாது! இறக்கத்தில் மரம் குதிரைகள் மீதே பாயும். பின்னர் வந்த வண்டிகளில், இறக்கத்தில் மரம் தரையில் இறங்கி உரசி, தானே பிரேக் ஆனது.

இன்று ஏ.டி.வி.க்குப் பின்னால் மாட்டும் சின்னச் சக்கரச் சட்டமும் இதே கணக்குதான்: முன்பக்கம் தூக்கியிருக்க வேண்டும், வண்டியோடு இணைப்பது தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் கட்டினால் வண்டியே பின்பக்கமாகக் கவிழும். குதிரை போய் இஞ்சின் வந்தாலும் சரிவு மாறவில்லையே!